அந்த 21 நிமிடம் எங்கே போனது? வருகைப்பதிவு மென்பொருள் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வருகைப்பதிவுக்கும் சம்பளக் கணக்குக்கும் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும், அதை விற்கிறவர்களுக்கும், நிறுவனம் நிறுவனமாகப் போய் அமைத்துக் கொடுக்கிறவர்களுக்கும் வணக்கம்.

இந்த மாதிரி மடல்களை அரசாங்கத்துக்கு எழுதுவார்கள், இல்லையென்றால் முதலாளிகளுக்கு எழுதுவார்கள். உங்களுக்கு யாரும் எழுதிப் பார்த்ததில்லை. தொழிலாளிக்கு உங்களைத் தெரியாது. உங்களுக்கும் அவரைத் தெரியாது. ஒரு எம்ப்ளாயீ கோடாக மட்டும் தெரியும். உங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது, வருகையையும் வேலை நேரத்தையும் கணக்கு வைக்கும் என்னைப் போன்ற டைம் ஆபீஸ் ஆள். சம்பளம் போட்ட மறுநாள் ஜன்னலுக்கு வெளியே வரிசை நிற்கும். "சார், ஓ.டி. குறையுது." "சார், அன்னிக்கு நான் வந்தேனே, ஆப்சென்ட் போட்டிருக்கு." கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டி, "சிஸ்டம் இப்படித்தான் காட்டுதுப்பா" என்போம். வேறு என்ன சொல்ல? அந்த சிஸ்டத்தை எழுதியது நீங்கள். அதனால் வரிசையில் நின்றவர்களின் கேள்விகளை உங்களிடமே அனுப்புகிறேன்.

ஒரு மணி நேரத்துக்கு என்ன கூலி, ஓ.டி.க்கு, அதாவது கூடுதல் நேர வேலைக்கு, ஒன்றரை மடங்கா இரண்டு மடங்கா என்பதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது. சண்டை போட இடம் இருக்கிறது. ஆனால் அந்தக் கூலியை எத்தனை மணியால் பெருக்குவது என்பது உங்கள் செட்டிங்ஸ் பக்கத்தில் முடிவாகிறது. மென்பொருளை நிறுவுகிற நாளில் யாரோ ஒருவர் அவசரமாக நான்கைந்து இடத்தில் டிக் போடுகிறார். பாதிக்கு மேல் நீங்கள் ஏற்கெனவே போட்டு அனுப்பிய டிக். அப்புறம் அந்தப் பக்கத்தை யாரும் திறப்பதே இல்லை. பத்து வருடத்துக்குச் சம்பளம் அந்த டிக்குகளின்படியே போகும். அவற்றைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

முதலில் ரவுண்டிங், அதாவது நேரத்தை ஒரு முழு அளவுக்குத் தள்ளி எழுதுவது. காலை 6 மணி ஷிஃப்ட். ஒருவர் 5:52-க்கு வருகைப்பதிவு மெஷினில் கை வைக்கிறார். கணக்கில் 6:00. மதியம் 2 மணிக்கு ஷிஃப்ட் முடிகிறது. அடுத்த ஷிஃப்டுக்கு ஆளை மாற்றிவிடும் ரிலீவர் வந்து, எந்த மெஷின் சத்தம் போடுகிறது, எந்த லாட் பாதியில் நிற்கிறது என்று ஒப்படைத்துவிட்டு அவர் வெளியே கை வைக்கும்போது 2:13. கணக்கில் 2:00. மறுநாள் கொஞ்சம் தாமதம், 6:04. கணக்கில் 6:15. முன்னால் வந்தால் நிமிடம் மறைகிறது, பின்னால் போனாலும் மறைகிறது, தாமதமாக வந்தால் மட்டும் நான்கு நிமிடம் பதினைந்தாக வளர்கிறது. இதற்கு உங்கள் கையேட்டில் 'கால்மணி ரவுண்டிங்' என்று பெயர். முன்னால் எட்டு, பின்னால் பதின்மூன்று, ஆக 21 நிமிடம். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வைத்தால் 546 நிமிடம். ஒன்பது மணி நேரத்துக்கும் மேல், அதாவது ஒரு முழு ஷிஃப்டைத் தாண்டிய வேலை. அது எந்தச் சீட்டிலும் இல்லை.

'முன்னாடி வந்து சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்' என்பீர்கள். சில பேர் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் ஷிஃப்ட் ஒப்படைப்பு என்று ஒன்று இருக்கிற இடத்தில் ஒருவர் முன்னால் வந்தாக வேண்டும், அல்லது ஒருவர் பின்னால் போயாக வேண்டும். ஆறு மணிக்கு வந்து ஆறு மணிக்கே மெஷினைக் கையில் வாங்க மனிதரால் முடியாது.

ரவுண்டிங்கே கூடாது என்று எல்லா நாட்டுச் சட்டமும் சொல்லவில்லை. அமெரிக்க விதிகள் ஐந்து நிமிடம், ஆறு நிமிடம், கால்மணி என்று அருகில் உள்ள அளவுக்குத் தள்ளி எழுத அனுமதிக்கின்றன. கூடவே ஒரு நிபந்தனையும் வைக்கின்றன: நாளடைவில் இரு பக்கமும் சரிக்கட்டிப் போக வேண்டும், தொழிலாளி வேலை பார்த்த நேரம் முழுவதற்கும் கூலி கிடைத்திருக்க வேண்டும். மேலே சொன்ன 5:52, 2:13, 6:04 மூன்றையும் அந்தச் சல்லடையில் போட்டுப் பாருங்கள். மூன்றுமே நிறுவனத்தின் பக்கம்தான் விழும்.

இந்தச் சலுகை ஏன் வந்தது என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். 1888-இல் நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் ஊரில் வில்லார்ட் பண்டி என்ற நகைக்கடைக்காரர் ஒரு நேரப்பதிவுக் கடிகாரம் செய்தார். ஒவ்வொருவருக்கும் எண் போட்ட ஒரு சாவி. அதை நுழைத்துத் திருப்பினால் காகித நாடாவில் எண்ணும் நேரமும் அச்சாகும். பின்னாளில் ஐ.பி.எம். ஆன நிறுவனங்களின் கூட்டில் அந்தக் கம்பெனியும் ஒன்று. உங்கள் தொழிலுக்கு அவர் கொள்ளுத்தாத்தா முறை. அந்த நாடாவைப் பார்த்து ஒரு குமாஸ்தா நூற்றுக்கணக்கான பேருக்குப் பென்சிலால் கூட்ட வேண்டியிருந்த காலத்தில் கால்மணிக்குத் தள்ளி எழுதியதில் அர்த்தம் இருந்தது. இன்றைக்கு மெஷின் நொடி வரை பிடிக்கிறது. பிடித்த பிறகு அதை மறப்பதற்கென்றே ஒரு புரோகிராம் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

நிமிடக் கணக்கெல்லாம் சில்லறை என்று தோன்றினால் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கைப் பாருங்கள். ஒரு காபிக் கடையின் ஷிஃப்ட் மேற்பார்வையாளர், வெளியேறும் பதிவைப் போட்ட பிறகும் அன்றைய விற்பனைக் கணக்கை அனுப்புவது, அலாரம் போடுவது, கதவைப் பூட்டுவது, உடன் வேலை பார்த்தவர்களைக் கார் வரை கொண்டுபோய் விடுவது என்று தினமும் நான்கு முதல் பத்து நிமிடம் வேலை பார்த்திருக்கிறார். பதினேழு மாதத்தில் அது 12 மணி 50 நிமிடம் சேர்ந்தது. கூலியாகப் போட்டால் 102 டாலர் 67 சென்ட். அற்பம் என்று தள்ள நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தப் பணம் ஒரு வாரத்து மளிகைக்கோ ஒரு மாதத்துப் பஸ் கட்டணத்துக்கோ ஆகும் என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள்.

அடுத்தது சின்ன விஷயம், ஆனால் எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறேன்! 8 மணி 45 நிமிடம் வேலை. உங்கள் வருகை அறிக்கை அதை 8.45 என்று அச்சடிக்கிறது. சம்பளம் போடுகிறவர் அதை எக்ஸெலில் ஒட்டி மணிக்கூலியால் பெருக்குகிறார். 8.75-ஆல் பெருக்க வேண்டியதை 8.45-ஆல் பெருக்கியாயிற்று. பதினெட்டு நிமிடம் காலி. யாரும் திருடவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. நிமிடத்தைப் புள்ளிக்குப் பின்னால் எழுதாதீர்கள், நடுவில் இரட்டைப் புள்ளி வையுங்கள். பெருக்குவதற்கென்று தசமத்தில் தனி நெடுவரிசை கொடுங்கள். ஒரு மத்தியான வேலை இது.

நைட் ஷிஃப்டுக்கு வருகிறேன். உங்கள் மென்பொருளுக்கு நாள் என்பது நள்ளிரவில் மாறும். இரவு 10 மணிக்கு உள்ளே வந்து காலை 6-க்கு வெளியே போகிறவருக்கு முதல் தேதியில் 'இன்' மட்டும், அடுத்த தேதியில் 'அவுட்' மட்டும் விழுகிறது. ஷிஃப்ட் சரியான நாளோடு பொருந்தாவிட்டால் இரண்டு தேதியிலும் 'மிஸ் பஞ்ச்', அதாவது ஒரு பதிவு விடுபட்டது என்று காட்டும். ஒரு முழு இரவு வேலை பார்த்தவர் இரண்டு நாள் பாதிப் பாதி ஆப்சென்ட் ஆகிறார். இதையாவது அவர் வந்து கேட்டால் சரிசெய்துவிடலாம். டபுள் டூட்டி இன்னும் மோசம். இரவு 10-க்கு வந்தவரிடம் காலையில் ரிலீவர் வரவில்லை என்று சொல்லி மதியம் 2 வரை நிற்க வைக்கிறார்கள். பதினாறு மணி நேரம். மென்பொருளோ காலை 6 முதல் 2 வரையிலானதை அடுத்த தேதியின் காலை ஷிஃப்ட் என்று எடுத்துக்கொள்கிறது. அவர் போய்ப் படுத்து மறுநாள் வந்தால், இரண்டு நாள் வருகை, ஓ.டி. பூஜ்யம். வருகை எதுவும் குறையாததால் அறிக்கை சுத்தமாக இருக்கிறது. அதனால் கண்ணிலேயே படாது.

இதற்குப் பதில் 1948-இலேயே எழுதி வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 57ஆவது பிரிவு, ஷிஃப்ட் நள்ளிரவைத் தாண்டினால் அந்தத் தொழிலாளிக்கு அடுத்த நாள் என்பது ஷிஃப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடங்கும் 24 மணி நேரம் என்றது. நள்ளிரவுக்குப் பின் வேலை பார்த்த மணிகள் முந்தைய நாளின் கணக்கில் சேரும் என்றது. விடுமுறை நாளுக்கும் அதே அளவுகோல்: ஷிஃப்ட் முடிந்ததிலிருந்து தொடர்ந்து 24 மணி. ஆக, ஞாயிறு காலை 6-க்கு வெளியே போனவரை ஞாயிறு இரவு 10-க்கே கூப்பிட்டுவிட்டு 'வார விடுப்பு கொடுத்தாச்சு' என்று காலண்டரில் பச்சை நிறம் காட்ட முடியாது. அவருக்குக் கிடைத்தது பதினாறு மணி நேரம். காலண்டர் நாளைப் பிடித்துக் கணக்குப் போடுவது உங்களுக்கு வசதி. கணினியே இல்லாத காலத்தில் சட்டம் எழுதியவர்களுக்கு மனிதருடைய நாள் வேறு, காலண்டர் நாள் வேறு என்பது புரிந்திருக்கிறது.

கோடைகாலத்துக்குக் கடிகாரத்தை முன்பின் தள்ளுகிற நாடுகளில் இன்னொரு கூத்து உண்டு. கடிகாரத்தைப் பின்னால் தள்ளும் இரவில் எட்டு மணி ஷிஃப்ட் பார்த்தவர் உண்மையில் ஒன்பது மணி நேரம் வேலை பார்த்திருப்பார். அந்த ஒன்பதுக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கத் தொழிலாளர் துறை தெளிவாகவே சொல்கிறது. உள்ளூர் நேரத்தில் 'அவுட்'டிலிருந்து 'இன்'னைக் கழிக்கும் மென்பொருள் எட்டு என்றுதான் காட்டும்.

சாப்பாட்டு இடைவேளையைத் தானாகக் கழிக்கும் டிக் ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. அரை மணி தினமும் கழிகிறது. சாப்பிட்டாரா, பாதியில் கூப்பிட்டார்களா, நோயாளியை விட்டு நகர முடியாத நர்ஸா, தனியாக நிற்கும் காவலாளியா, எதுவும் மென்பொருளுக்குத் தேவையில்லை. இடைவேளைக்கும் பஞ்ச் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்போம். அங்கேயும் ரவுண்டிங் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2021-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில் பத்து நிமிடத்துக்கு ரவுண்ட் செய்யும் மென்பொருள் இருந்தது. 11:02-க்கு இடைவேளைக்குப் போய் 11:25-க்குத் திரும்பியவரை அது 11:00, 11:30 என்று பதிந்துவிடும். 23 நிமிடம் சாப்பிட்டவர் காகிதத்தில் 30 நிமிடம் சாப்பிட்டவர் ஆகிவிடுவார். சட்டப்படி அரை மணி கொடுத்ததாகவும் ஆகிவிடும். உணவு இடைவேளையில் ரவுண்டிங் கூடாது என்று நீதிமன்றம் முடித்தது. அந்தத் தீர்ப்பில் நீங்கள் பார்க்க வேண்டியது மென்பொருளின் பெயர்கூட உள்ளே வந்து நிற்பதை. உங்கள் செட்டிங்ஸ் பக்கம் ஒருநாள் நீதிமன்றத்தில் பெரிதாக்கிக் காட்டப்படலாம்.

மெஷினை எங்கே மாட்டுகிறீர்கள் என்பதும் சம்பளம்தான். கேட்டிலா, உடை மாற்றும் அறைக்கு முன்னாலா, வேலை நடக்கும் உற்பத்தி லைனுக்குப் பக்கத்திலா? லைனுக்குப் பக்கத்தில் மாட்டினால் பூட்ஸ், ஏப்ரன், தலையுறை, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு நடந்து வந்த நேரம் வெளியே போய்விடும். 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இறைச்சி பதப்படுத்தும் தொழிலாளர்கள் விஷயத்தில், வேலைக்கு இன்றியமையாத பாதுகாப்பு உடையை அணிந்த பிறகு நடக்கிற நேரம் வேலை நேரமே என்றது. அதே தீர்ப்பில், உடையை வாங்க முதலில் வரிசையில் நிற்கும் நேரம் சேராது என்றும் சொன்னார்கள். 2014-இல் கிடங்குத் தொழிலாளர்கள் வெளியேறும்போது நடக்கும் சோதனைக்காகக் காத்திருந்த நேரத்துக்குக் கூலி இல்லை என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆறு வருடம் கழித்து கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தன் மாநிலச் சட்டப்படி பையைச் சோதிக்கும் நேரத்துக்குக் கூலி உண்டு என்றது. எல்லைக்கோடு எங்கே என்று நீதிபதிகளுக்கே ஒத்துப்போகவில்லை. உங்களிடம் நான் கேட்பது அந்த எல்லைக்கோட்டை நீங்கள் போட வேண்டும் என்றல்ல. கேட்டிலும் ஒரு பதிவு, லைனிலும் ஒரு பதிவு இருக்கட்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அதைப் பற்றிப் பேசவாவது முடியும்.

வரிசை என்றதும் இன்னொன்று. முந்நூறு பேர் ஒரே நேரத்தில் வெளியேறும் ஷிஃப்டுக்கு ஒரே ஒரு கைரேகை மெஷின். சிமெண்டிலும் சோப்பிலும் ரசாயனத்திலும் தேய்ந்த விரலை அது படிக்காது. மூன்று தடவை துடைத்து வைத்துப் பார்த்துவிட்டு, பின்னால் நிற்பவர் திட்ட ஆரம்பித்ததும் அவர் போய்விடுவார். மறுநாள் 'மிஸ் பஞ்ச்', அரை நாள் சம்பளப் பிடித்தம். விரல் தேய்ந்தது எந்த வேலையால் என்று மட்டும் அந்த மெஷின் கேட்பதில்லை. தோற்றுப்போன முயற்சிகளும் நேரத்தோடு மெஷினின் நினைவில் இருக்கும் அல்லவா? 'அடையாளம் காண முடியவில்லை, 2:09, மூன்று முறை' என்று அந்தப் பட்டியலை டைம் ஆபீசுக்கு அனுப்புங்கள். நாங்கள் ஆளைக் கண்டுபிடித்துக்கொள்வோம்.

சரி, ஓ.டி.

தொழில் நிறுவனங்களில் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வின் முதல் உடன்படிக்கை 1919-இல் வைத்தபோதே, கூடுதல் நேரத்துக்குக் குறைந்தது ஒன்றேகால் மடங்கு கூலி என்றும் எழுதியது. அமெரிக்காவின் 1938 சட்டம் ஒன்றரை மடங்கு என்றது. இந்தியாவின் 1948 சட்டம் ஒரு நாளில் ஒன்பது மணி அல்லது வாரத்தில் 48 மணியைத் தாண்டினால் இரண்டு மடங்கு என்றது. கூடுதல் கூலி வைத்ததன் நோக்கமே, ஒரே ஆளைக் கசக்குவது செலவு பிடிக்கும் விஷயமாக இருக்கட்டும், இன்னொரு ஆளை வேலைக்கு எடுப்பது மலிவாகத் தோன்றட்டும் என்பதுதான். இந்த ஏற்பாட்டை உங்கள் மென்பொருள் மூன்று வழியில் செல்லாக்காசு ஆக்குகிறது.

ஒன்று, அனுமதி. சூப்பர்வைசர் 'அப்ரூவ்' அழுத்தாவிட்டால் அந்த ஓ.டி. 'பெண்டிங்'கில் இருக்கும், மாதக் கடைசியில் கட்-ஆஃப் தேதி தாண்டினால் காலாவதி. சூப்பர்வைசர் லீவில் போயிருக்கலாம், பாஸ்வேர்டை மறந்திருக்கலாம், அந்த மாத பட்ஜெட்டைப் பார்த்துவிட்டு மெத்தனமாக இருந்திருக்கலாம். வேலை நடந்தது நடந்ததுதானே? கேட்காமல் செய்திருந்தாலும், செய்ய அனுமதித்திருந்தால் அது வேலை நேரமே என்பது அமெரிக்க விதி. அனுமதியின்றி ஓ.டி. செய்ததற்காகக் கண்டிக்க வேண்டுமானால் கண்டிக்கலாம்; கூலியைத் தராமல் இருக்க முடியாது. ஆகவே பதில் இல்லாத ஓ.டி. தானாகக் காலாவதி ஆகக் கூடாது. தானாகக் கூலியில் சேரட்டும். மறுக்க விரும்புகிறவர் காரணம் எழுதிக் கையெழுத்தோடு மறுக்கட்டும்.

இரண்டாவது, 'நெட்டிங் ஆஃப்' என்று நீங்கள் பெருமையாக விளம்பரப்படுத்தும் வசதி. ஒருவர் மாதத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் தாமதம், வேறொரு நாள் ஒரு மணி நேரம் ஓ.டி. மென்பொருள் ஒன்றை ஒன்றால் கழித்துச் சமன் என்று காட்டுகிறது. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தாமதத்துக்குப் போவது ஒரு மணிக்கூலி, ஓ.டி.க்கு வர வேண்டியது இரண்டு மணிக்கூலி. அந்த ஒரு மணிக்கூலி கணக்குப் புத்தகத்திலிருந்து நழுவிப் போகிறது. வாரங்களைச் சேர்த்துச் சராசரி எடுப்பதும் இதே வித்தைதான். முதல் வாரம் 30 மணி, அடுத்த வாரம் 50 மணி என்றால் சராசரி நாற்பது, ஓ.டி. இல்லை என்று சொல்ல அமெரிக்கச் சட்டம் விடாது. ஒவ்வொரு வாரமும் தனித்தனி. இரண்டாம் வாரத்தில் பத்து மணி ஓ.டி. உண்டு. உங்கள் மென்பொருளில் மாதமே ஒரே மூட்டையாக இருக்கிறது.

மூன்றாவது, மடங்கு எதன் மேல்? 'இரண்டு மடங்கு' என்று சீட்டில் இருக்கும், ஆனால் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எடுத்து இரண்டால் பெருக்கியிருப்பார்கள். இந்திய 1948 சட்டம் அடிப்படைச் சம்பளத்தோடு படிகளையும் சேர்த்துத்தான் சாதாரண ஊதிய விகிதம் என்றது, போனஸும் ஓ.டி.யும் மட்டும் வெளியே. அமெரிக்காவில் நைட் ஷிஃப்டுக்கான கூடுதல் தொகையும் அந்த அடித்தளத்தில் சேரும். படிகள் பாதிக்குப் பாதி இருக்கும் சம்பளத்தில் அடிப்படையை மட்டும் இரட்டித்தால் கிடைப்பது சாதாரண மணிக்கூலிதான். இரண்டு மடங்கு என்ற பெயரில் ஒரு மடங்கு! இந்தக் கணக்கை நான் போட்டுக் காட்டியபோது கன்சல்டன்ட் ஒருவர், "டீஃபால்ட் ஃபார்முலா சார், நீங்க வேணும்னா மாத்திக்கலாம்" என்றார். யார் மாற்றுவார்?

ஷிஃப்ட் அட்டவணையைப் பற்றியும் நிறைய உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். அட்டவணையை அன்றைக்குக் காலையில் மாற்றினால் பழையது அழிந்து புதியதே முதலிலிருந்து இருந்ததுபோல் ஆகிவிடுகிறது. ஓரிகன் மாநிலத்தில் 2018-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் பெரிய சில்லறை, உணவு, விடுதி நிறுவனங்கள் அட்டவணையை முன்கூட்டியே தர வேண்டும், கடைசி நேர மாற்றத்துக்குப் பணமும் தர வேண்டும் என்கிறது. அப்படிச் சட்டம் இல்லாத இடத்திலும் பழைய அட்டவணையை அழிக்காமல் வைப்பதில் உங்களுக்கு நஷ்டம் இல்லை.

இப்போது எழுதக் கஷ்டமான பகுதி. 'தணிக்கை அறிக்கை' என்று தனியாக ஒரு மெனுவை நான் பார்த்திருக்கிறேன். உண்மையான பஞ்ச், அதாவது மெஷினில் விழுந்த பதிவு, டேட்டாபேஸில் ஒரு டேபிளில். இன்ஸ்பெக்டரோ வாடிக்கையாளரின் ஆடிட்டரோ வந்தால் காட்டுவதற்கு இன்னொரு டேபிள். ஒருவர் ஒரே வாரத்தில் எழுபது மணி வேலை பார்த்திருந்தால் இரண்டாவது டேபிளில் 48 மணியும் சட்டம் அனுமதிக்கிற ஓ.டி.யும் மட்டும் இருக்கும். 'அவுட்' நேரங்கள் 2:01, 2:03, 1:59 என்று இயல்பாகத் தெரியும்படி மென்பொருளே உருவாக்கித் தரும். வார விடுப்பில் வந்த நாள் மறைந்துவிடும். மிச்ச மணிகளுக்கான பணம் 'இன்சென்டிவ்' என்ற தலைப்பில், ஒற்றை விகிதத்தில், சில இடங்களில் கையில் போகும். இதை எழுதியவர் ஒரு புரோகிராமர். ஒரு நாள் உட்கார்ந்து, நிஜம்போல் தோன்றும் நிமிடங்களைத் தயாரிக்க ஒரு ஃபங்ஷன் எழுதியிருக்கிறார். டெஸ்ட் செய்திருக்கிறார். நன்றாக வேலை செய்கிறது என்று யாரோ கைகூட குலுக்கியிருப்பார்கள். உங்களில் எத்தனை பேர் தயாரிப்பில் இது இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ரவுண்டிங்கை அறியாமை என்று விட்டுவிடலாம், இடைவேளைக் கழிவைச் சோம்பல் என்று விட்டுவிடலாம். இது பொய் ஆவணம் தயாரிக்கும் இயந்திரம். இதற்குச் செட்டிங் மாற்றம் போதாது, அந்த ஃபங்ஷனையே நீக்க வேண்டும்.

திருத்தங்களின் வரலாறும் இதோடு சேர்ந்ததே. பஞ்ச் நேரத்தைத் திருத்தும் அதிகாரம் யாருக்காவது இருந்துதான் தீர வேண்டும். மெஷின் பழுதாகும், ஆட்கள் மறப்பார்கள். ஆனால் 2:13-ஐ யாரோ 2:00 ஆக்கினால் பழைய எண்ணும், மாற்றியவர் பெயரும், நேரமும், காரணமும் நிற்க வேண்டும். தொழிலாளிக்கு அன்றே ஒரு குறுஞ்செய்தி போக வேண்டும். 1946-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு பீங்கான் ஆலை வழக்கில், நேரப் பதிவேட்டை வைப்பது முதலாளியின் கடமை, அவர் சரியாக வைக்காததற்குத் தொழிலாளி தண்டனை அனுபவிக்கக் கூடாது என்ற நிலையை எடுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 மே மாதம், தினசரி வேலை நேரத்தை அளக்கப் பாரபட்சமில்லாத, நம்பத்தகுந்த, எளிதில் எட்டக்கூடிய ஓர் ஏற்பாட்டை முதலாளிகள் வைத்தே ஆக வேண்டும் என்றது. உங்களுக்கு இது வியாபாரம். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு அங்கே உங்கள் பொருளை விற்கிறீர்கள். அதே பொருளை வேறு நாட்டில் விற்கும்போது திருத்த வரலாற்றை 'பிரீமியம் மாட்யூல்' ஆக்குவது என்ன நியாயம்?

'கஸ்டமர் கேட்பதைத்தான் தருகிறோம்' என்று நீங்கள் சொல்லப்போவது தெரியும். கேட்கிறவர்கள் உண்டு. ஆனால் என் அனுபவத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் எதையும் கேட்பதில்லை. நீங்கள் கொடுத்ததை அப்படியே ஓட்டுகிறார்கள். நிமிடம் நிமிடமாகக் கணக்கிடுவது டீஃபால்ட்டாக வந்திருந்தால் அதையும் அப்படியே ஓட்டியிருப்பார்கள். ரவுண்டிங் வேண்டும் என்கிறவர் தேடிப் போய், 'இதனால் வேலை நேரம் கூலியில்லாமல் போகலாம்' என்ற எச்சரிக்கையைப் படித்து, தன் பெயரைப் போட்டு ஆன் செய்யட்டும். தணிக்கைக்கென்று தனி டேபிள் கேட்கிறவரிடம் முடியாது என்று சொல்லுங்கள். போட்டிக் கம்பெனி தரும் என்று மிரட்டுவார், சிலர் போகவும் செய்வார்கள்.

கடைசியாக ஒரு திரையைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். இதை நான் ஒரு தாளில் வரைந்தே வைத்திருக்கிறேன். தொழிலாளியின் கைப்பேசியில், அவர் படிக்கும் மொழியில், ஒரு நாளுக்கு ஒரு வரி. முதலில் மெஷின் பிடித்த நேரம்: 5:52, 2:13. பக்கத்தில் கூலிக்கு எடுத்துக்கொண்ட நேரம். இரண்டும் வேறுபட்டால் எந்த விதியால், யார் திருத்தியதால் என்ற காரணம். இடைவேளை கழித்திருந்தால் அது. ஓ.டி. இருந்தால் எத்தனை நிமிடம், எந்தத் தொகையின் மேல் எத்தனை மடங்கு. கீழே 'இது சரியில்லை' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் டைம் ஆபீசுக்கும் சூப்பர்வைசருக்கும் சேர்ந்தே வரட்டும், சம்பளம் போடுவதற்கு முன்னாலேயே வரட்டும். கைப்பேசி இல்லாதவருக்கு அதே வரிகளைச் சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில் அச்சடித்துவிடலாம். அந்தப் பக்கம் இப்போது காலியாகத்தான் இருக்கிறது.

புதிதாக எதையும் சேகரிக்க வேண்டாம், எல்லாம் உங்கள் டேட்டாபேஸில் ஏற்கெனவே இருக்கிறது. உங்களில் யாராவது அடுத்த வெர்ஷனில் இந்தத் திரையைச் செய்து பார்க்க முன்வந்தால், டபுள் டூட்டி, நள்ளிரவைத் தாண்டும் ஷிஃப்ட், படிக்காத விரல், பாதியில் நின்ற சாப்பாடு என்று உங்கள் டெஸ்டர்களுக்குத் தோன்றாத வகைகளை எழுதிக் கொடுக்க டைம் ஆபீஸ் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறோம். நைட் ஷிஃப்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு டைம் ஆபீஸ் ஊழியர்